கடல் கடந்த கலங்கள் – 9: பலகையில் பிறந்த பிங்கான்

சென்ற வாரம் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவை ஒட்டிய கடலடியில் இருந்தோம். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய மேற்காசியக் கப்பல் ஒன்று, சீனச் சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் அங்கே மூழ்கியது. 1998இல் அது கண்டுபிடிக்கப்பட்டபோது ஏறத்தாழ 60,000 கலங்கள் மேலே வந்தன. பெரும்பாலானவை சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். அவற்றில் ஒன்றில் கி.பி. 826க்கு இணையான சீன ஆண்டு எழுதப்பட்டிருந்தது.

சரக்கின் கதை அதோடு முடிந்தது. அதன் பெயருக்கு ஒரு தனிக் கதை உண்டு.

நம் வீட்டு அலமாரியில் விருந்தாளி வந்தால் மட்டும் இறங்கும் கோப்பையைப் பீங்கான் என்கிறோம். சிங்களவர் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டு பிங்கான. மலாய்க்காரர் தட்டு பிங்கன். தெலுங்கிலும் கன்னடத்திலும் பிங்காணி. துருக்கியில் காபி குடிக்கும் சின்னக் கோப்பை ஃபின்ஜான். இத்தனைக்கும் வேர் ஒன்றே: பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறித்த ‘பிங்கான்’.

செய்தவன் சீனக் குயவன். பெயரோ பாரசீகம். ஆனால் பாரசீகர்களுக்கும் அது பிறந்த வீட்டுச் சொத்து இல்லை என்றுதான் சொல் வரலாற்று அறிஞர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

* * *

ஹோமர் வீட்டுப் பலகை

கிரேக்க மொழியில் ‘பினாக்ஸ்’ என்றால் பலகை. எழுதும் பலகை, படம் வரையும் பலகை, இறைச்சி வைத்துப் பரிமாறும் பலகை, எல்லாம் பினாக்ஸ்தான்.

ஹோமரின் இரண்டு காவியங்களிலும் இந்தச் சொல் வருகிறது. ஒடிசியில் விருந்தினர் முன் இறைச்சியைக் கொண்டுவந்து வைக்கும் தட்டு அது. இலியட்டில் அதே சொல் வேறு வேலை செய்கிறது. பெல்லெரோஃபோன் என்ற இளைஞனைக் கொல்லத் தீர்மானித்த அரசன், தன் மாமனாரிடம் கொடுக்கச் சொல்லி அவன் கையிலேயே மடித்து மூடிய ஓர் ஓலையைக் கொடுத்தனுப்புகிறான். இதைக் கொண்டுவருபவனை முடித்துவிடு என்பது அதன் உட்பொருள். அந்த ஓலையும் பினாக்ஸ்.

ஏதென்ஸில் நீதிமன்ற நடுவராகத் தேர்வாகக் காத்திருந்த குடிமகன், தன் பெயர் பொறித்த ஒரு சிறு வெண்கலத் தகட்டை வைத்திருப்பான். அதன் பெயர் ‘பினாக்கியன்’, குட்டிப் பலகை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்து நூல்களுக்குக் கல்லிமாக்கஸ் 120 சுருள்களில் ஒரு பட்டியல் தயாரித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பினாக்கெஸ்’, பலகைகள். ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஓவியக்கூடம் ‘பினாகோதெக்’ எனப்படுவதும் இந்த வழியில்தான்.

பைபிளிலும் அது உண்டு. ஏரோதின் விருந்தில் நடனமாடிய பெண், யோவான் ஸ்நானகனின் தலையைத் தாலத்தில் வைத்துக் கேட்டாள். மாற்குவின் கிரேக்க மூலத்தில் அந்தத் தாலம் பினாக்ஸ்.

கொலைக் கடிதம், நூலகப் பட்டியல், விருந்துத் தட்டு. இவற்றில் எது கிழக்கே பயணம் போயிருக்கும்?

மூன்றும் போயின. ஆனால் வேறு வேறு வண்டிகளில்.

* * *

அரமேயப் பாலம்

கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை பெர்சிபோலிஸ் அரண்மனையைக் கொளுத்தியது. பாரசீகப் பேரரசு விழுந்தது. படை பின்னர் கலைந்தாலும் கிரேக்கர்கள் தங்கிவிட்டார்கள். டைகிரிஸ் கரையில் செலூக்கியா போன்ற நகரங்கள் எழுந்தன. கிரேக்கச் சிப்பாய், கிரேக்கச் சமையல்காரன், கிரேக்கக் கணக்கன், கிரேக்க வணிகன் என்று ஒரு தலைமுறை அந்த மண்ணில் ஊன்றியது.

ஆனால் அந்த நிலப்பரப்பில் சிரியா முதல் ஈரான் வரை கடைவீதியிலும் அலுவலகத்திலும் ஓடிய மொழி அரமேயம். அலெக்சாந்தருக்கு முன்பே பாரசீகப் பேரரசின் நிர்வாகத்தை நடத்திய மொழி அது. கிரேக்கச் சொற்கள் கிழக்கே போக வேண்டுமானால் பெரும்பாலும் இந்தப் பாலத்தைத்தான் கடக்க வேண்டும்.

பினாக்ஸ் அரமேயத்தில் ‘பிங்க்கா’ ஆனது. பொருள், தட்டு. யூதர்களின் தால்முத் நூலில் இந்தத் தட்டு வருகிறது. அதிலிருந்து கிளம்பிய ஒரு வசை இன்றைய ஹீப்ருவிலும் உயிரோடு இருக்கிறது: பெரிய மனிதர்களுக்குக் காக்கா பிடிப்பவனை ‘பிங்க்கா நக்குகிறவன்’ என்பார்கள். எழுதும் பலகை என்ற பழைய பொருளும் தொலையவில்லை. ஹீப்ருவில் குறிப்பேட்டுக்குப் ‘பிங்காஸ்’ என்று பெயர்.

இந்த வட்டாரத்திலிருந்து பாரசீகத்துக்குள் தட்டு மட்டும் நுழைந்தது. எழுதும் பலகை வாசலிலேயே நின்றுவிட்டது. பாரசீக நாவில் சொல்லின் வால் நீண்டு, பிங்கான்.

அப்போது அது விலை உயர்ந்த பொருளே இல்லை. மண்ணோ செம்போ, வீட்டில் புழங்கும் சாதாரணக் கிண்ணம். ஆனால் ஈரானின் வறண்ட கிராமங்களில் அந்தச் சாதாரணக் கிண்ணத்துக்கு ஓர் அதிகாரம் வந்து சேர்ந்தது.

* * *

மூழ்கும் கிண்ணம்

ஈரானின் நடுப்பகுதியில் ஆறுகள் அபூர்வம். மலையடிவாரத்து நிலத்தடி நீரை, மண்ணுக்கு அடியில் சுரங்கம் வெட்டி, மெல்லிய சரிவில் பல கல் தொலைவு நடத்திவந்து கிராமத்தில் வெளியே எடுப்பார்கள். கனாத் என்பது அதன் பெயர்.

சுரங்கம் தோண்டுவது ஒரு பாடு. வந்த நீரைப் பங்கு போடுவது அதைவிடப் பெரிய பாடு. இரவில் யார் வயலுக்கு எவ்வளவு நேரம் பாயும்? ஒருவன் வாய்க்கால் மடையைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால் அடுத்தவன் பயிர் காயும். அரிவாள் தூக்க அது போதும்.

அங்கேதான் பிங்கான் வந்தது.

ஒரு பெரிய பாத்திரத்தில் நீர் நிரப்பியிருக்கும். அதன் மேல் ஒரு சிறிய செம்புக் கிண்ணத்தை மிதக்க விடுவார்கள். கிண்ணத்தின் அடியில் ஊசித்துளை. துளை வழியே நீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறும். விளிம்பு வரை ஏறியதும் கிண்ணம் ‘டக்’கென்று அமிழ்ந்து அடியைத் தொடும். அது ஒரு பங்கு நேரம்.

பொறுப்பாளர் உடனே கையை விட்டு அதை எடுப்பார். கவிழ்த்து நீரைக் கொட்டுவார். மறுபடி மிதக்க விடுவார். ஒரு கூழாங்கல்லைத் தனியே எடுத்து வைப்பார். கல் எண்ணிக்கைதான் கணக்கு. இன்னாருக்கு இத்தனை பிங்கான் நீர் என்று பரம்பரைப் பாத்தியதை பேசுவார்கள். நிலத்தோடு சேர்த்து அதையும் விற்பார்கள், பாகம் பிரிப்பார்கள்.

கொனாபாத், யஸ்து வட்டாரங்களில் இதற்கென்றே ஓர் அறை இருந்தது. ஊர் நம்பும் பெரியவர் ஒருவர் அதில் இரவு பகலாக உட்கார்ந்திருப்பார். அவர் கண் அசந்தால் ஊரே சண்டையில் விழிக்கும். 20ஆம் நூற்றாண்டு வரைக்கும்கூடச் சில கிராமங்களில் இந்தக் கிண்ணம்தான் கடிகாரம்.

தமிழருக்கு இது அந்நியமான ஏற்பாடு இல்லை. முல்லைப்பாட்டில் பாசறையில் பொழுதை அளந்து சொல்லும் நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். நீர் கொண்டு நேரத்தை அளந்த நம் கருவி நாழிகை வட்டில். அந்த வட்டில் என்ற சொல்லையே தென் மாவட்டங்களில் சாப்பிடும் தட்டுக்கும் சொல்கிறோம். உண்கலமே காலம் காட்டும் கலமாவது இரண்டு நாட்டிலும் தனித்தனியே நடந்திருக்கிறது.

பிங்கானின் இந்த வேலை அதை அறிவியல் நூல்களுக்குள்ளும் கொண்டுபோனது. அரபியில் நீர்க்கடிகாரத்துக்கு ‘பின்காம்’ என்ற பெயர் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் உதுமானிய வானியலாளர் தகியுத்தீன், பல்சக்கரங்களும் எடையும் கொண்டு இயங்கும் இயந்திரக் கடிகாரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த இயந்திரங்களுக்கும் அவர் வழங்கிய பெயர் அதே ‘பின்காம்’தான். துளையும் இல்லை, நீரும் இல்லை. கிண்ணத்தின் பெயர் மட்டும் மிச்சம்.

* * *

பழைய பெயர், புதிய சரக்கு

அடுத்த திருப்பம் கடலில் நேர்ந்தது.

8, 9ஆம் நூற்றாண்டுகளில் பாரசீக வளைகுடாவின் சீராஃப், பஸ்ரா துறைகளிலிருந்து கப்பல்கள் சீனம் வரை போய்வந்தன. திரும்பி வந்தவை இறக்கிய கலங்களைப் பார்த்து மேற்காசியா வாய் பிளந்தது. 851இல் தொகுக்கப்பட்ட ஓர் அரபுப் பயண நூல், சீனர்கள் கண்ணாடிபோல மெல்லிய மண்கோப்பை செய்வதாகவும், உள்ளே இருக்கும் நீர் வெளியே மினுங்கித் தெரிவதாகவும் வியந்து சொல்கிறது.

குராசான் ஆளுநர் அலீ இப்னு ஈசா, பாக்தாத் கலீஃபா ஹாரூன் அல் ரஷீதுக்கு அனுப்பிய காணிக்கை பேர்போனது. சீன அரசவைக்கென்று செய்த உயர்தரக் கலங்கள் 20. அவற்றோடு சாதாரணச் சீனக் கலங்கள் 2,000. கலீஃபாவின் அவையில் அதுவரை அப்படி ஒன்றைக் கண்டவர் இல்லை என்று 11ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பைஹகி எழுதுகிறார்.

அதே நூற்றாண்டின் அறிஞர் அல்பிரூனி வேறொரு காட்சியைத் தருகிறார். ரேய் நகரில் தங்கியிருந்த இஸ்பகானி வணிகர் ஒருவர் வீட்டுக்கு அவர் போகிறார். கிண்ணம், தட்டு, குடம் எல்லாமே சீனக் கலங்கள். விளக்குகூடச் சீனத்தில் செய்தது.

கலீஃபாவுக்கு வாய்த்த அதிசயம் இரண்டே நூற்றாண்டில் வணிகன் வீட்டுச் சமையலறைக்கு இறங்கிவிட்டது. இதுதான் நம் கதைக்கு முக்கியமான கட்டம். காட்சிப்பொருளாக இருக்கும்வரை ஒன்றை ஊர்ப்பெயர் சொல்லிப் பெருமையாக அழைக்கலாம். பாரசீகர்களும் அப்படித்தான் ‘சீனி’ என்றார்கள். சீனத்துக் கலம் என்று பொருள். ஆனால் தினமும் கஞ்சியோ குழம்போ ஊற்றிக் குடிக்கத் தொடங்கிவிட்டால்? ‘அந்தக் கிண்ணத்தை எடு’ என்றுதானே வாயில் வரும்.

இரண்டு பெயர்களும் வெளியூர் போயின. ‘சீனி’ போன இடங்களில் விளையாடிய விளையாட்டு தனி. துருக்கியில் அது சுவரில் பதிக்கும் வண்ண ஓடு. நம் ஊரில் அதே ஒலியோடு டீயில் போட்டுக் கலக்கும் சர்க்கரையாக இருக்கிறது. அந்தச் சர்க்கரைக்கும் சீனத்தின் பெயர்தான்.

‘பிங்கான்’ கப்பலேறியது. ஏறும்போதே இரண்டாகப் பிரிந்தது.

* * *

ஓர் எழுத்து இல்லாத குறை

அரபு மொழியில் ‘ப’ ஒலி கிடையாது. ‘க’வின் மெலிந்த ஒலியும் செவ்வியல் அரபியில் இல்லை. பாரசீகச் சொல் ஒன்று வந்தால் ப ஒலி ‘ஃப’வாகவோ ‘ப’வின் மெலிந்த ஒலியாகவோ மாறும், ங்க என்ற சேர்க்கை பெரும்பாலும் ‘ன்ஜ’ ஆகும்.

பிங்கான், ஃபின்ஜான் ஆனது.

நாவின் வசதிக்காக நடந்த சின்ன மாற்றம்தான். ஆனால் அந்த நாளிலிருந்து இந்தச் சொல்லுக்கு இரண்டு முத்திரைகள். எங்கே ஜ ஒலி கேட்கிறதோ அங்கே அது அரபு வாய் வழியாகப் போயிருக்க வேண்டும். எங்கே ங்க ஒலி கேட்கிறதோ அங்கே பாரசீக வடிவம் நேராகவோ வேறொரு கை மாறியோ போயிருக்க வேண்டும். எழுத்துச் சான்று கிடைக்காத துறைமுகங்களிலும் இந்த முத்திரை அழியாமல் இருக்கிறது.

ஜ வழியை முதலில் பார்ப்போம். அதற்கு ஒரு பானம் துணைக்கு வந்தது.

* * *

காபி பிடித்த கை

15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவுத் தொழுகையில் தூக்கம் வராமலிருக்கக் காபி குடித்தார்கள். அது மக்காவுக்கு வந்தது. 1511இல் மக்காவில் கைர் பேக் என்ற அதிகாரி அதற்குத் தடை போட்டார். தடை நிற்கவில்லை. 1550களில் இஸ்தான்புல்லில் காபிக் கடைகள் திறந்துவிட்டன.

காபி சுடச்சுட, கெட்டியாக, கொஞ்சமாகக் குடிக்க வேண்டிய பானம். அதற்குப் பிடியில்லாத சின்னக் கிண்ணம் பொருந்தியது. ஃபின்ஜானுக்கு உலகம் திறந்தது.

அரபு வீட்டில் விருந்தாளிக்குக் காபி ஊற்றுபவர் கெண்டியை இடக்கையில் பிடித்து, ஃபின்ஜானை வலக்கையில் நீட்டுவார். கோப்பையில் அடிப்பகுதிக்குத்தான் காபி இருக்கும். நிரப்பிக் கொடுத்தால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று ஆகிவிடும். காலியாக நீட்டினால் இன்னொரு வாய் ஊற்றுவார். போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டியதில்லை. கோப்பையை இரண்டு முறை இலேசாக ஆட்டினால் போதும்.

உதுமானியப் படை போன வழியெல்லாம் காபியும் போனது, கோப்பையின் பெயரும் போனது. போஸ்னியாவில் ஃபில்ஜான். அல்பேனியாவிலும் அப்படியே. ருமேனியாவில் ஃபிலிஜான். அனத்தோலியாவின் கூத்தாஹ்யா நகரில் ஃபின்ஜான் செய்பவர்கள் தனித் தொழிற்கூட்டமாக இருந்தார்கள். பட்டறை முதலாளிகளும் தொழிலாளர்களும் கூலி குறித்து 1766இல் ஓர் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தார்கள். ஒரு கோப்பைக் காபிக்கு நாற்பது ஆண்டு நன்றி மறக்கக் கூடாது என்பது துருக்கிப் பழமொழி. கோப்பையில் தங்கிய மண்டியைப் பார்த்து எதிர்காலம் சொல்வது அங்கே இன்றும் வழக்கம்.

கிரேக்கத்தில் அது ‘ஃப்லிட்சானி’. ஹோமரின் பினாக்ஸ் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆசியாவைச் சுற்றிவிட்டுத் துருக்கிக் காபிக் கோப்பையாகத் தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கிரேக்கர்கள் அதை வெளியூர் விருந்தாளியாகவே வரவேற்றார்கள்.

பாரசீகத்துக்கும் அதே கதி. அரபு வேடமிட்ட ஃபின்ஜான் ஈரானுக்குத் திரும்பி, ‘ஃபெஞ்ஜான்’ என்று உட்கார்ந்துகொண்டது. இன்று தெஹ்ரானில் காபிக் கோப்பை கேட்பவர் அந்தப் பெயரைத்தான் சொல்வார். நீர்க்கடிகாரத்தையும் பலர் அப்படியே அழைக்கிறார்கள். பிறந்த மகனை வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டு, ஊர் சுற்றி வந்தவன் திண்ணையைப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் வெளியேறிய மகன் கிழக்கே நன்றாகவே இருந்தான்.

* * *

துறைமுகத் தமிழும் மலாயும்

மலாய் மொழியில் துறைமுகம் ‘பண்டார்’. துறைமுக அதிகாரி ‘ஷாபண்டார்’. கப்பல் தலைவன் ‘நக்கோடா’. பெருவணிகன் ‘சௌதாகர்’. நான்கும் பாரசீகச் சொற்கள். சரக்கு இறங்கும் படகுத்துறையில், பேரம் நடக்கும் கிட்டங்கியில், கணக்கு எழுதும் திண்ணையில் பேசப்பட்டவை. இந்தக் கூட்டத்தோடு வந்ததுதான் ‘பிங்கன்’. மலாயில் தட்டு.

பாரசீகம் பேசிய எல்லோரும் பாரசீகர்கள் இல்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். இந்தியப் பெருங்கடலில் அது முஸ்லிம் வணிகர்களின் பொதுமொழிகளில் ஒன்று. குஜராத்தி பேசினான், வங்காளி பேசினான், சோழமண்டலக் கரைக்காரனும் பேசினான்.

சுமத்திராவின் வடமுனையில் பாசை என்ற பழைய துறைமுக அரசு இருந்தது. அங்கே 1420ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்லறைக் கல் உண்டு. அடங்கியிருப்பவர் பெயர் நயினா உசாமுத்தீன். ‘நயினா’ என்ற அடைமொழியைக் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இன்றும் கேட்கலாம். அந்தக் கல்லில் பொறித்திருப்பதோ பாரசீகக் கவிஞர் சஅதியின் பாடல்.

சோழமண்டல வாசனையுள்ள பெயர், பாரசீகக் கவிதை, சுமத்திரா மண். ஒரு சொல் கை மாறுவதற்கு இதைவிடத் தோதான இடம் வேண்டுமா?

1521இல் மெகல்லனின் கப்பலோடு வந்த இத்தாலியர் பிகஃபெட்டா, தென்கிழக்காசியத் தீவுகளில் கேட்ட மலாய்ச் சொற்களைப் பட்டியலிட்டார். மரத்தட்டுக்கு ஒரு சொல், மண்தட்டுக்கு ஒரு சொல் என்று பிரித்து எழுதினார். மண்தட்டுக்கு நேராக இருப்பது பிங்கன்தான். அதற்குள் அது தீவுகளின் அன்றாடப் பேச்சில் ஊறிப்போயிருந்தது. பிலிப்பைன்ஸின் தகாலோகிலும் தட்டு பிங்கன்.

சீனத்துக்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கும் தீவுகள் இவை. கலங்கள் வந்தது வடக்கிலிருந்து. பெயர் வந்தது மேற்கிலிருந்து. செய்தவன் சூளையோடு நின்றுவிட்டான். கடைவிரித்தவன் வாயில் இருந்த பெயர்தான் வாங்கியவன் வாயிலும் ஒட்டியது.

* * *

காலியில் கவிழ்ந்து கிடந்த கல்

1911இல் இலங்கையின் காலி நகரத்தில் ஒரு பொறியாளர், வாய்க்கால் மதகின் மேல் மூடுபலகையாகக் கிடந்த ஒரு கல்லைக் கவனித்தார். புரட்டினால் எழுத்துகள். மூன்று மொழிகளில்.

சீன அரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நிறுவிய கல் அது. பொறித்திருக்கும் ஆண்டு 1409. சீன எழுத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழ் எழுத்தில் தென்னாவர நாயனார் என்ற திருமாலுக்குக் காணிக்கை. பாரசீக எழுத்தில் இஸ்லாமிய இறைவனுக்குக் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பொருட்கள் வரிசையாக வருகின்றன. இன்று அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சீனத்து அதிகாரி இந்தக் கரையில் நிற்கும்போது யார் யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார் என்பதுதான் இந்தக் கல் சொல்லும் சேதி. தமிழ், பாரசீகம், சீனம் மூன்றும் ஒரே கல்லில் கூடிய 1409இல், சீனக் கலங்கள் தமிழ்க் கரைக்குப் புதியவையும் அல்ல. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது சீனக் கலங்களின் உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. பொருள் ஏற்கெனவே கரையேறியிருந்தது. பெயர் சொல்ல ஆளும் இருந்தான்.

பாரசீகக் கிண்ணத்தின் பெயர் தமிழில் வேறொரு மாற்றம் கண்டது. மலாய்க்காரனுக்கும் சிங்களவனுக்கும் அது தட்டு. இலங்கை முஸ்லிம் வீடுகளில் பேசும் தமிழிலும் பீங்கான் என்றால் சோறுண்ணும் தட்டுதான். தமிழ்நாட்டிலோ அது ஒரு கலத்தின் பெயராக நிற்காமல், கலம் செய்த பொருளின் பெயராகிவிட்டது. அதனால்தான் பீங்கான் தட்டு, பீங்கான் கோப்பை, பீங்கான் ஜாடி என்கிறோம். தெலுங்கும் கன்னடமும் அப்படியே. வட்டில், கிண்ணம், தட்டு, சட்டி என்று பாத்திரத்துக்குப் பெயர் ஏராளமாக இருந்த மொழிகளுக்கு இன்னொரு தட்டின் பெயர் தேவைப்படவில்லை. வழுவழுவென்று, வெள்ளையாக, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் அந்தப் பொருளுக்குத்தான் பெயர் இல்லாமல் இருந்தது.

இப்போது முத்திரையைச் சோதிப்போம்.

தமிழில் ஃப ஒலி இயல்பாக இல்லை. வந்தால் ‘ப’ ஆகிவிடும். ஆகவே முதல் எழுத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவது இடத்தைப் பார்க்க வேண்டும். அரபியின் ஃபின்ஜான் தமிழுக்கு வந்திருந்தால் பெரும்பாலும் ‘பிஞ்சான்’ என்று நின்றிருக்கும். நம்மிடம் இருப்பது பீங்கான். ங்க.

அரபிகளோடு நூற்றாண்டுக் கணக்கில் வணிகமும் மண உறவும் கொண்ட காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதே ங்கதான். மதத்தோடு அரபுச் சொற்கள் நூற்றுக்கணக்கில் வந்த கரை அது. அங்கேயே இந்த ஒரு பாத்திரத்தின் பெயர் அரபு முத்திரை இல்லாமல் நிற்கிறது.

அப்படியானால் அது வளைகுடாவின் பாரசீகர் வாயிலிருந்து நேராக மேற்கே இருந்து வந்ததா? அல்லது பாசைக்கும் மலாக்காவுக்கும் போய்வந்த நம் மரக்காயர்கள், அங்கே சீனச் சரக்கோடு மலாய்ப் பிங்கனையும் வாங்கிக்கொண்டு கிழக்கிலிருந்து கொண்டுவந்தார்களா?

குழப்பத்தைக் கூட்டுகிறது மலையாளம்.

மலபாரில் நோய்க்கும் பிரசவத்துக்கும் ஒரு பழைய சடங்கு உண்டு. வெள்ளைத் தட்டில் குங்குமப்பூ மையால் குர்ஆன் வசனங்களை எழுதி, நீர் விட்டுக் கழுவி, அந்த நீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். எழுதுபவர் தட்டின் நடுவில் தொடங்கி விளிம்பு வரை நிரப்புவார். மை உலர்ந்ததும் ஒரு கிண்ணம் நீர் ஊற்றி விரலால் தேய்த்துக் கரைப்பார்கள். தமிழ்க் கரை முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. இங்கே அது பீங்கான் எழுதுவது. மலபாரில் அதன் பெயர் ‘பிஞ்ஞாணம் எழுத்து’.

பிஞ்ஞாணம். ங்க இல்லை. ஞ்ஞ.

மலையாளத்தில் தமிழின் ஞ்ச ஒலியும் ஞ்ஞ ஆவதுண்டு. இகரத்தை அடுத்த ங்க ஒலியும் ஞ்ஞ ஆவதுண்டு. பிஞ்ஞாணத்துக்குப் பின்னால் அரபியின் ஃபின்ஜான் இருக்கலாம்; பாரசீகத்தின் பிங்கானும் இருக்கலாம். கோழிக்கோட்டில் நங்கூரமிட்ட அரபுக் கப்பலா, சோழமண்டலத்திலிருந்து கரையோரமாகச் சுற்றி வந்த தோணியா?

ஒரே தட்டு, ஒரே சடங்கு, இரண்டு கரை, இரண்டு ஒலி. இந்தச் சொல் தென்னிந்தியாவுக்கு ஒரு முறை வந்து பிரிந்ததா, அல்லது இரண்டு கடல்கள் வழியாக இரண்டு முறை வந்ததா?

(தொடரும்)